மாக்கினுக்கு இரண்டாவது சாட்சி

ஆல்டர்பி, நார்ஃபோக்
19 செப்டம்பர் 1896

அன்புள்ள தம்பி ஆம்ப்ரோஸுக்கு அக்கா கெஸியா எழுதிக்கொண்டது.

இங்கே நான் நலம், வலது தோள்பட்டையைத் தவிர. நீயும் நலமாகத்தான் இருக்க வேண்டும். உன் கடிதத்தில் உன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால் நானே அப்படி வைத்துக்கொள்கிறேன்.

நீ அனுப்பிய சீட்டுக் கட்டு செவ்வாய்க்கிழமை வந்தது. எண்பது சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு வார்த்தை, அதற்குக் கீழே நான் நிரப்ப வெற்றிடம். ஏனப்பா, கேம்பிரிட்ஜில் இத்தனை படித்தவர்கள் ஒரு கூரைக்குக் கீழே உட்கார்ந்து நாட்டுப்புறப் பேச்சுக்கு அகராதி எழுதுகிறீர்களே, கடைசியில் ரொட்டிக் கடைக்காரியிடமா வந்து நிற்பது? மாவு பிசைந்த கையோடு மை தொட்டு எழுதுவது எவ்வளவு சுகம் என்று ஒரு நாள் வந்து பார். பாதிச் சீட்டில் என் கட்டைவிரல் ரேகை இருக்கும். அதையும் அகராதியில் சேர்த்துக்கொள்.

முப்பத்தொரு சீட்டு நிரப்பியிருக்கிறேன். மீதி வார்த்தைகளை நான் கேட்டதே இல்லை. கேட்டிருந்தாலும் ஒரு பாதிரியாரின் பேத்தி எழுதக்கூடியவை அல்ல.

‘மாக்கின்’ என்பதற்கு இரண்டு அர்த்தம் எழுதியிருக்கிறேன். ஒன்று, அடுப்புத் துடைப்பம். உனக்கே தெரியும், நீ அதன் மேல் குதிரை ஓட்டியவன்தான். நீளக் கோலின் முனையில் கந்தல் கட்டி, தண்ணீரில் முக்கி, ரொட்டி வைப்பதற்கு முன்னால் அடுப்புத் தரையில் இருக்கும் சாம்பலைத் துடைப்பது. இரண்டாவது, விதைத்த வயலில் காக்காய் விரட்ட நிறுத்தும் கந்தல் பொம்மை. மூன்றாவது அர்த்தம் உண்டா என்று நீ பென்சிலால் கோடு போட்டுக் கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது.

இந்த வாரம் ரொட்டி சுமார்தான். ஒற்றை ஆளாக இரண்டு அடுப்பு ரொட்டி போட்டால் சுமாராகத்தான் வரும். திருமதி ரிக்ஸ் இப்போது பக்கத்து ஊரில் வாங்குகிறாளாம். வாங்கட்டும்.

இருமலுக்குத் தேன் குடி. கழுத்தைத் திறந்து போட்டுக்கொண்டு நடக்காதே.

உன் அக்கா
கெஸியா


அகராதி அலுவலகம், கேம்பிரிட்ஜ்
24 செப்டம்பர் 1896

அன்புள்ள அக்கா,

உன் முப்பத்தொரு சீட்டும் வந்து சேர்ந்தன. எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர் அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இந்த அம்மாள் எழுதினால் கத்தி மாதிரி இருக்கிறது” என்றார். உன்னைப் பாராட்டியதாக எடுத்துக்கொள். அவர் யாரையும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

மாக்கினுக்கு மூன்றாவது அர்த்தம் தெரியாது என்கிறாய். அக்கா, அந்தக் கடைக்குப் பின்னால் வளர்ந்தவன் நான். அழுக்கான, சோம்பேறியான பெண்ணைத் திட்டும் சொல் அது. ஊரில் இன்னும் யாராவது சொல்லுகிறார்களா என்பதுதான் என் கேள்வி. மற்ற மாவட்டங்களில் செத்துவிட்டது. உயிரோடு இருக்கும் ஒரு வாக்கியம் கிடைத்தால் ‘வழக்கிலுண்டு’ என்று போடலாம். இல்லையென்றால் ‘வழக்கொழிந்தது’ என்று சிலுவைக் குறி போட்டு மூடிவிடுவோம். எனக்கு மனசு கேட்கவில்லை.

அதன் பிறப்பைக் கேட்டால் ஆச்சரியப்படுவாய். அது முதலில் திட்டே அல்ல, ஒரு பெண்ணின் பெயர். மாட் என்ற பெயரைச் செல்லமாகக் கூப்பிட்டால் மால்கின், நம் ஊர் வாயில் மாக்கின். அந்தக் காலத்தில் அடுப்படிப் பெண்களில் அந்தப் பெயர் நிறைய. அதனால் எல்லா வேலைக்காரிக்கும் அதுவே பெயராயிற்று. அப்புறம் அவள் கையில் இருந்த துடைப்பத்துக்கு, கந்தல் பொம்மைக்கு, வடக்கே முயலுக்கு, சில இடத்தில் பூனைக்கு. எது முன், எது பின் என்பதில் எங்களுக்குள் தினமும் சண்டை. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் யாரோ ஒரு மாட் இருக்கிறாள்.

இன்னொரு வேடிக்கை. அழுக்கான பெண்ணைத் திட்டும் சொற்களுக்கு எங்களிடம் நானூறு சீட்டுக்கு மேல் இருக்கின்றன. அழுக்கான ஆணுக்குப் பதினேழு.

எங்கள் விதியை மறுபடியும் சொல்கிறேன், கோபிக்காதே. வாக்கியம் யாரோ வாயால் நிஜமாகச் சொன்னதாக இருக்க வேண்டும். யார், எங்கே, எப்போது என்பது வேண்டும். இரண்டு சாட்சி வேண்டும். ‘எம்’ (M) எழுத்துச் சொற்களின் தாள்கள் அக்டோபர் 20-ஆம் தேதி அச்சுக்குப் போகின்றன.

டோர்கஸ் ஏன் இந்த முறை கடிதத்தில் ஒன்றும் சொல்லவில்லை? எப்போதும் ஓரத்தில் அவள் பங்குக்கு ஒரு வசவு இருக்குமே. ரொட்டி போட அவள் கூட இல்லாமல் ஒற்றை ஆளாக என்று வேறு எழுதியிருக்கிறாய். உடம்புக்கு ஏதாவது?

அன்புடன்
ஆம்ப்ரோஸ்

பி.கு.: எனக்கு இருமல் இல்லை. அது போன வருடம்.


ஆல்டர்பி
2 அக்டோபர் 1896

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை எரிச்சல், இரண்டாம் முறை அதிக எரிச்சல், மூன்றாம் முறை அடுப்பில் போடலாமா என்று பார்த்தேன். அடுப்பு ஆறியிருந்ததால் தப்பித்தாய்.

முதலில் பெண்ணின் பெயரைத் துடைப்பத்துக்கு வைத்தார்கள். துடைப்பம் கரியானதும் அந்தக் கரியை எடுத்துப் பெண்ணின் முகத்தில் பூசினார்கள். இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு அலுவலகம், பதிப்பாசிரியர், சீட்டு எல்லாம் வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டிருந்தால் நின்ற இடத்தில் சொல்லியிருப்பேன். நானூறுக்குப் பதினேழு என்கிறாயே, அது வேடிக்கையா உனக்கு? அந்தப் பதினேழு பேரின் சட்டையைத் துவைத்தது யார்? துவைத்தவள் கைதான் அழுக்காகும்.

டோர்கஸைப் பற்றிக் கேட்டாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. அவள் இங்கே இல்லை, அவ்வளவுதான். ஏழு வாரமாயிற்று. தன் வீட்டில் இருக்கிறாள். தெருவில் பார்த்தால் அவள் அந்தப் பக்கம் பார்க்கிறாள், நான் இந்தப் பக்கம் பார்க்கிறேன். வருகிற 31-ஆம் தேதி லோஸ்டாஃப்ட்டுக்குப் போகிறாளாம். அங்கே அவள் சித்தி மகள் மீன்பிடிக்காரர்களுக்கு விடுதி நடத்துகிறாள், அங்கேயே தங்கிவிடப் போகிறாள். வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டாள் என்று வேறொருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பதினொரு வருஷம் என்னோடு அந்த அடுப்பின் முன்னால் நின்றவள்.

சொல்லிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

ஆகஸ்ட் 14, வெள்ளிக்கிழமை. அறுவடை உச்சம். ரிக்ஸ் பண்ணையில் வயல் ஆட்கள் சாயங்காலம் நாலு மணிக்குத் தின்னும் கேக் அறுபது போட்டுக் கொடுத்திருந்தோம். மத்தியானம் திருமதி ரிக்ஸ் கூடையோடு வந்து கடை நடுவில் நின்று ஒரு கேக்கைக் கவிழ்த்துக் காட்டினாள். அடியெல்லாம் சாம்பல் கோடு. அறுபதும் அப்படித்தான். “இத மனுஷன் தின்பானா கெஸியா? என் பன்னிக்கே போடமாட்டேன்” என்றாள். கடையில் ஆறு பெண்கள். அந்த நேரம் பார்த்து டோர்கஸ் உள்ளேயிருந்து வந்தாள், கையில் அந்தக் கோலோடு.

நான் சொன்னேன்: “போடி மாக்கின். உன்னப் புடிச்சு அந்தக் கோல்ல கட்டித் தொடைச்சாத்தான் அடுப்பு சுத்தமாகும்.”

யாரோ சிரித்தார்கள். டோர்கஸ் கோலைச் சுவரில் சாய்த்தாள், வேலை மேலங்கியைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தாள், கொல்லைக் கதவு வழியாகப் போனாள். மடித்து வைத்தாள் ஆம்ப்ரோஸ். தூக்கி எறிந்திருந்தால் நான் அன்று ராத்திரி தூங்கியிருப்பேன்.

இதுதான் உன் மூன்றாவது அர்த்தம். உயிரோடுதான் இருக்கிறது. என் வாயில் இருந்தது. இதை அக்கா தம்பியிடம் சொல்கிறேன், அகராதிக்காரனிடம் அல்ல. இதைச் சீட்டில் எழுதாதே.

கெஸியா


அகராதி அலுவலகம்
6 அக்டோபர் 1896

அன்புள்ள அக்கா,

படித்து வருத்தப்பட்டேன். டோர்கஸ் நல்லவள். நீயும் நல்லவள். ஒரு நாள் எல்லாம் சரியாகிவிடும். நீ அவள் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லலாமே? பத்து வீடு தள்ளித்தானே இருக்கிறாள்.

ஆனால் அக்கா, நீ என்ன கொடுத்திருக்கிறாய் என்று உனக்குத் தெரிகிறதா? ஒரே மூச்சில் துடைப்பமும் திட்டும், தேதியோடு, இடத்தோடு, கையில் கோலோடு. இருபது வருடமாக இப்படி ஒரு வாக்கியத்துக்கு எங்கள் அலுவலகம் காத்திருக்கிறது. தலைமைப் பதிப்பாசிரியரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். எப்போதும் உட்கார்ந்தே இருக்கும் மனிதர் அவர், கீல்வாதம்.

நீ சீட்டில் எழுதாதே என்றாய். பயப்படாதே. உன் பெயர் வராது. ‘ஒரு ரொட்டிக் கடை விதவை, ஆல்டர்பி, 1896’ என்று மட்டும் வரும். அதை வைத்து யாருக்கு என்ன தெரியப்போகிறது?

இரண்டாவது சாட்சி விஷயத்திலும் உனக்குத் தொந்தரவு வைக்கவில்லை. அலுவலக முறைப்படி நானே பார்த்துக்கொண்டேன். ஒரு வேலை உனக்குக் குறைந்தது.

மேஜை மேல் மலை மாதிரி வேலை. அடுத்த சொல் ‘மோப்பட்’.

அன்புடன்
ஆம்ப்ரோஸ்


ஆல்டர்பி
10 அக்டோபர் 1896

ஆம்ப்ரோஸ்,

ஒரு வேலை எனக்குக் குறைந்தது என்றாயே, அந்த வேலை என்ன என்று நேற்றுத் தெரிந்தது.

டோர்கஸ் மேஸுக்குத் தபால் அட்டை போட்டிருக்கிறாய். உறை இல்லை. திறந்த அட்டை. கேள்வி அச்சடித்து, பதிலுக்குக் கோடு போட்டு.

உனக்குப் புத்தி என்பது ‘எம்’ எழுத்தோடு அச்சுக்குப் போய்விட்டதா? டோர்கஸுக்குப் படிக்கத் தெரியாது. கடித ஓரத்தில் அவள் வசவை எழுதியதும் நான்தான். ஆல்டர்பியில் படிக்கத் தெரியாதவர்களுக்கு வரும் தபாலைத் தபால் கடையில் மிஸ் பிளைத் படித்துச் சொல்லுவாள். நீ பிறந்ததிலிருந்து அப்படித்தான், மறந்துவிட்டாயா? மிஸ் பிளைத்துக்குக் காது மந்தம். அதனால் அவள் எதையும் கத்தித்தான் படிப்பாள். வெள்ளிக்கிழமை, கடையில் கூட்டம், பட்டாள ஓய்வூதியம் வாங்க வந்த கிழவர்கள் இரண்டு பேர், மளிகை வாங்க வந்தவர்கள், பாதிரியார் வீட்டுச் சமையல்காரி.

நான் அங்கே இல்லை. இருந்தவர்கள் என்னிடம் வந்து நடித்தே காட்டினார்கள். மிஸ் பிளைத் அட்டையைத் தூக்கிப் பிடித்துப் படித்தாளாம்: “‘இச்சொல் உங்களை நோக்கிச் சொல்லப்பட்டதா? எப்பொருளில்? அ, அடுப்புத் துடைப்பம். ஆ, வயல் பொம்மை. இ, அழுக்கான, சோம்பேறிப் பெண். பொருத்தமானதில் குறியிடுக.’ எதுல குறி போடட்டும் டோர்கஸ்?”

பாதிரியார் வீட்டுச் சமையல்காரி, “இ-யில போடுங்க” என்றாளாம்.

டோர்கஸ் அட்டையை வாங்கி மார்புச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, உப்பு வாங்க வந்தவள் உப்பு வாங்காமல் போய்விட்டாள்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆகஸ்டில் ஆறு பேருக்குத் தெரிந்தது. இப்போது அறுபது பேருக்குத் தெரியும். ‘ஒரு ரொட்டிக் கடை விதவை’யாம். ஆல்டர்பியில் ரொட்டிக் கடை எத்தனை ஆம்ப்ரோஸ்? விதவைகளை வேண்டுமானால் எண்ணு, ரொட்டிக் கடை ஒன்றுதான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று அக்காள் வீட்டிலேயே பிடுங்கியிருக்கிறாய்.

போய் ஒரு வார்த்தை சொல் என்கிறாய். போகவில்லை என்று நினைத்தாயா? நாலு முறை அவள் வீட்டு வாசல் படலைவரை போய்த் திரும்பியிருக்கிறேன். என்ன சொல்வது? உனக்கு எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன், இதையும் பதிப்பாசிரியரிடம் வாசி.

சாம்பல் கோடு விழுந்தது டோர்கஸின் தப்பு அல்ல. கோலில் கட்டியிருந்த கந்தல் தேய்ந்து நூலாகிவிட்டது. பதினைந்து நாளாக அவள் என்னிடம் துணி கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்த ஒரே பழந்துணி வால்டரின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. அவர் போய் மூன்று வருஷமாகியும் நான் அதைப் பெட்டியில் வைத்திருந்தேன். நாளைக்குத் தருகிறேன், நாளைக்குத் தருகிறேன் என்றேன். எனக்கே தெரிந்த என் தப்பை, ஆறு பேர் முன்னால், அவள் தலையில் போட்டேன்.

அவள் 31-ஆம் தேதி போகப் போகிறாள். போகும்போது லோஸ்டாஃப்ட்டுக்கு அந்த வார்த்தையையும் எடுத்துக்கொண்டு போவாள். உன் புத்தகத்தில் அது என்றைக்கும் இருக்கும். அந்த வாக்கியத்தை எடுத்துவிடு. எடுக்கவில்லை என்றால் எனக்கு இனி எழுதாதே.

கெஸியா லார்டர்


கேம்பிரிட்ஜ், என் அறையிலிருந்து
13 அக்டோபர் 1896

அக்கா,

இதை உறையில் போட்டு அரக்கு வைத்திருக்கிறேன்.

மிஸ் பிளைத்தை மறந்துவிட்டேன். டோர்கஸுக்குப் படிக்கத் தெரியாது என்பதையும் மறந்துவிட்டேன். எங்கள் அலுவலகத்தில் எல்லாச் சாட்சிக்கும் அட்டைதான் போகும். இதுவரை இரண்டாயிரம் அட்டை என் கையால் போயிருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நிற்பார், அவரைச் சுற்றி ஒரு ஊர் நிற்கும் என்று நான் ஒரு முறையும் நினைத்துப் பார்த்ததில்லை. மற்ற ஊர்களில் என்னென்ன நடந்ததோ என்று நேற்றிலிருந்து பழைய அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

டோர்கஸ் எனக்குச் சூடான ரொட்டி முனையைப் பிய்த்துக் கொடுப்பாள், உனக்குத் தெரியாமல். அவளை ‘தகவல் தருபவர்’ என்று எழுதியிருக்கிறேன்.

தாள் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. 20-ஆம் தேதி காலைவரை இருக்கும். வாக்கியத்தை எடுத்தால் மாக்கினுக்கு உயிருள்ள சான்று இல்லை, சிலுவைக் குறி விழும். பதிப்பாசிரியர் என்னோடு ஒரு மாதம் பேசமாட்டார். பரவாயில்லை. நீ ஒரு வார்த்தை எழுது, என் கையாலேயே அடித்துவிடுகிறேன்.

மன்னித்துக்கொள் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஆம்ப்ரோஸ்


ஆல்டர்பி
16 அக்டோபர் 1896

அன்புள்ள தம்பிக்கு,

உன் அட்டையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். உறையில்தான். பூர்த்தி செய்தாகிவிட்டது. எழுத்து என்னுடையது, பதில் டோர்கஸுடையது. எப்படி என்று சொல்கிறேன்.

நேற்று மத்தியானம் மாவுத் தொட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கடை மணி அடித்தது. டோர்கஸ். பதினொரு வருஷமாகக் கொல்லை வழியாக வந்தவள், நேற்று வாசல் வழியாக, தொப்பி வைத்துக்கொண்டு, சாமான் வாங்க வருகிறவள் மாதிரி வந்தாள். அட்டையை மேசையில் வைத்தாள்.

“இத எழுதிக் குடு. எனக்கு எழுத வராதுன்னு உனக்குத் தெரியும்.”

“கிழிச்சுப் போட்டுரு டோர்கஸ். அவன் ஒரு மடையன்.”

“எதுக்குக் கிழிக்கணும்? திருமதி டோர்கஸ் மேஸ் அவர்களுக்குன்னு போட்டிருக்கான். எனக்கு இதுவரைக்கும் யாரும் கார்டு போட்டதில்ல. பதில் போடலன்னா மரியாத இல்ல. எழுது.”

நான் மைக்கூட்டை எடுத்து வந்தேன். மேசையில் மை சிந்தினேன். தோள்பட்டை என்று சொல்லிக்கொண்டேன்.

முதல் கேள்வி படித்தேன். “ஆமான்னு எழுது” என்றாள். எழுதினேன்.

இரண்டாம் கேள்வி, எந்தப் பொருளில்.

“அது எனக்கெப்படித் தெரியும்? சொன்னவ நீ. என்ன நெனச்சுச் சொன்னியோ அதச் சொல்லு.”

பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “மூணாவது” என்றேன்.

“நான் அழுக்கா?”

“இல்ல.”

“சோம்பேறியா?”

“இல்ல.”

“அப்புறம் எப்படி மூணாவதாகும்? சரியாச் சொல்லு கெஸியா. புத்தகத்துல போடப் போறாங்க.”

ஆம்ப்ரோஸ், நாலு முறை படலைவரை போய் வராத வார்த்தை, உன் பாழாய்ப்போன அட்டை முன்னால் வந்தது. “நீ துணி கேட்ட. பதினஞ்சு நாளாக் கேட்ட. நான் குடுக்கல. அத அத்தன பேர் முன்னாடி ஒத்துக்க முடியல. உம்மேல போட்டுட்டேன்.”

“ம். அத எழுது.”

“அதுக்கு இதுல கேள்வி இல்ல.”

“காரணம்னு எதுவும் கேக்கலியா?”

கேட்டிருக்கிறாய். மூன்றாவது கேள்வி. அதில் எழுதினேன். எழுதிவிட்டு, “மன்னிச்சுரு டோர்கஸ்” என்றேன்.

“அதுக்கு எடம் இருக்கா?”

“இல்ல.”

“வைய எடம் விட்டவங்க அதுக்கு விடலியா? ஓரத்துல எழுது.”

ஓரத்தில் எழுதினேன். பார்த்துக்கொள்.

அப்புறம் மேலே ‘தொழில்’ என்று நீ ஏற்கனவே எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். அவள் உள்ளே போனாள், அடுப்படிக்கு. கோலோடு திரும்பி வந்தாள். அதன் முனையைப் பார்த்தபடி நின்றாள்.

“இது வால்டர் சட்ட.”

“ஆமா.”

“ஞாயித்துக்கெழம சட்ட.”

“ஆமா. அந்த வெள்ளிக்கெழம சாயங்காலமே கட்டிட்டேன்.”

“முடிச்சா இது? உள்ள போனதும் அவுந்துரும். ரெண்டு மாசமா இத வச்சா தொடைச்ச? அதான் ஊரே உன் ரொட்டியத் தின்னுட்டுப் பல்லுல மண்ணு கடிக்குதுங்குது.”

தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மாவு மூட்டை மேல் உட்கார்ந்து, முடிச்சை அவிழ்த்து முதலிலிருந்து கட்டினாள். ஒரு முனையைப் பல்லால் பிடித்துக்கொண்டே தொழிலுக்கும் கடைசிக் கேள்விக்கும் பதில் சொன்னாள். அதை நான் இங்கே எழுதவில்லை. தொழிலுக்கான பதிலை எழுதும்போதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. நீயும் அப்படியே தெரிந்துகொள்.

அந்த வாக்கியத்தை அடிக்க வேண்டாமாம். நான் அடிக்கச் சொல்லியிருக்கிறேன் என்றேன். “ஏன் அடிக்கணும்? சொன்னது சொன்னதுதான. ஆனா ‘ஒரு விதவை’ன்னு போட்டா வேற யாரையாவது நெனச்சுக்குவாங்க. முழுப் பேரப் போடச் சொல்லு” என்றாள். போடு. கெஸியா லார்டர். சொன்னவள் நான்தானே.

இனி எனக்குச் சீட்டு அனுப்பாதே. இந்த வீட்டு வார்த்தைகள் வேண்டுமென்றால் கிறிஸ்துமஸுக்கு நேரில் வா. சுள்ளி சுமக்க ஆள் வேண்டும். மிஸ் பிளைத்துக்கும் பதில் சொல்ல வேண்டும், அவள் உன்னைத் தேடிக்கொண்டிருக்கிறாள். சூடான ரொட்டி முனை கதை எனக்கு அப்போதே தெரியும்.

தேன் குடி.

உன் அக்கா
கெஸியா


[இணைப்பு: தபால் அட்டை]

சொல்: மாக்கின்.

தகவல் தருபவர்: திருமதி டோர்கஸ் மேஸ், ஆல்டர்பி.

தொழில்: ~~ரொட்டிக் கடை வேலைக்காரி~~ ரொட்டிக் கடையில் பாதிப் பங்குக்காரி. இந்த 31-ஆம் தேதிக்குப் பிறகும்.

1. இச்சொல் உங்களை நோக்கிச் சொல்லப்பட்டதா?
ஆமாம். ஒரு முறை.

2. எப்பொருளில்? அ / ஆ / இ
மூன்றும் இல்லை.

3. சொல்லப்பட்டதற்கான காரணம், தெரிந்தால்:
துணி கேட்டது நான். தராதது அவள். வெட்கப்பட்டது அவள். திட்டு வாங்கியது நான்.

4. இச்சொல் உங்கள் வட்டாரத்தில் இன்னும் வழக்கில் உள்ளதா?
தபால் கடையில் உண்டு. எங்கள் கடையில் ஆகஸ்ட் 14-க்குப் பிறகு யாரும் சொன்னதில்லை. அங்கே மட்டும் வழக்கொழிந்தது என்று போட்டுக்கொள்ளவும்.

கையொப்பம்: X (டோர்கஸ் மேஸ் இட்ட குறி)

[ஓரத்தில், குறுக்காக, அதே கையெழுத்தில்:] மன்னிப்புக் கேட்டாள். அச்சடிக்க இடம் இருந்தால் இதையும் சேர்க்கவும்.